அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில்

என் தங்கையை அவள் புருஷன் அன்றைக்கு அடித்தது ஒரு ரயில் கார்டுக்காக. ஸ்டேஷன் கேட்டில் கார்டைத் தட்டியதும் நடந்துவிட வேண்டும், நின்று யோசிக்கக் கூடாது என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். அவர் தட்டினார். பிறகு கார்டைப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் பாக்கெட்டில் செருகி, சாவகாசமாக ஒரு அடி எடுத்து வைத்தார். கேட்டின் இரண்டு பலகையும் வந்து அவர் இடுப்பைக் கவ்விக்கொண்டன. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். உள்ளே நின்ற என் தங்கையும் சிரித்துவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அங்கே அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சாயங்காலம் ஓட்டல் அறைக்குப் போனதும் டிவி சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து அறை என்னுடையது. நடுவில் இருந்த சுவர் பேருக்குத்தான் சுவர். முதல் அடி விழுந்தது, அப்புறம் நாற்காலி சாய்ந்தது, அப்புறம் எதுவோ கட்டில் விளிம்பில் மோதியது. நான் ஓடிப் போய்க் கதவை உதைத்தேன். நிதானமாகத் திறந்தார். ஓட்டலின் வெள்ளைத் துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, டீ ஏதாவது சொல்லவா?" என்றார்.

அவருக்குப் பின்னால் என் தங்கை சின்னவள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. மேசையில் இருந்த கெட்டிலை எடுத்து அவர் மண்டையில் போட்டிருப்பேன். சின்னவள் தலையை ஆட்டினாள். "போக்கா. வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள். வேண்டாம், இன்னும் ஒரே ஒரு நாள் பொறு என்று அந்தக் கண் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

எங்கள் ஊரில் அவர் பெயரெடுத்த பல் டாக்டர். கைராசிக்காரர் என்பார்கள். குழந்தைகளைக் கண்ணா, செல்லம் என்று கொஞ்சிக் கொஞ்சித்தான் ஊசி போடுவார். போன வருஷம் என் தங்கையின் முன்பல் ஒன்றைக் குத்திப் பெயர்த்தார். பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்று கிளினிக் முழுக்கச் சொன்னார். பெயர்ந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்து வந்து, அதே குழியில் திருப்பி வைத்து, கம்பி போட்டுக் கட்டினார். அரை மணிக்குள் வைத்தால் பல் ஒட்டிக்கொள்ளும், வேரை மட்டும் தொடக்கூடாது என்று எனக்கே வகுப்பெடுத்தார். ஒட்டியும் கொண்டது. அதை அவர் பெருமையாக வேறு சொன்னார். போலீசுக்குப் போனோம். அங்கே நாற்காலியில் இருந்த அதிகாரி இவரிடம்தான் கடைவாய்ப்பல் கட்டியிருந்தார். வாயெல்லாம் பல்லாக எங்களைத் திருப்பி அனுப்பினார்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கல்யாணம் காட்சி எதுவும் எனக்கு ஆகவில்லை, ஆகாததில் வருத்தமும் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். என் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற அன்று மட்டும் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்வேன்: "இனிமே என் பக்கம் பிரேக் இல்ல." சின்னவளுக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் முதல் தடவையிலேயே தேறினாள். கல்யாணத்துக்கு அப்புறம் டாக்டர் அவளை ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை.

அவருக்கு எல்லா மூளையும் உண்டு, வழி மட்டும் மண்டையில் ஏறாது. பழகாத தெருவில் விட்டால் திருதிருவென்று முழிப்பார். யாரையும் கேட்கவும் மாட்டார், கௌரவம் குறைந்துவிடும். யார் தலையை நிமிர்த்திக்கொண்டு வேகமாக நடக்கிறார்களோ அவர்கள் பின்னால் போய்விடுவார். இந்தப் பெரிய நகரத்தில் பல் டாக்டர்கள் மாநாடு என்று வந்தபோது என்னையும் அழைத்ததற்கு அதுதான் காரணம். நான் முன்பு தனியாக இங்கே சுற்றிப் பார்க்க வந்து, ரயிலிலேயே நகரத்தைக் கரைத்துக் குடித்தவள். நான் அழைப்பை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் வேறு. என்னிடம் கார் கற்றுக்கொண்ட ஒருத்தி இங்கே பஸ் டிரைவராக இருக்கிறாள். அவளும் ஒருத்தனிடம் அடி வாங்கித் தப்பி வந்தவள்தான். ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் பக்கத்தில் அவள் வீடு, மாடியில் ஓர் அறை காலி. சின்னவளை அங்கே கொண்டு சேர்ப்பது என்று ஊரிலேயே முடிவு செய்திருந்தோம்.

வந்த அன்று காலையில் ஓட்டல் வாசலில் இரண்டு பேரையும் நிறுத்தி, காரில் புதிதாக ஏறுகிறவர்களுக்குச் சொல்வது போல் பாடம் எடுத்தேன்.

"வழி தெரியலன்னாலும் தெரிஞ்ச மாதிரி நடங்க. முழிச்சிக்கிட்டு நடுவழியில நிக்காதீங்க, மேப் பாக்கணும்னா ஓரமாப் போய் பாருங்க. பையை முன்னால போட்டுக்கங்க. வண்டி வந்தா கதவுக்கு நேரா நிக்காம பக்கத்துல நின்னு, இறங்கறவங்களுக்கு வழி விட்டுட்டு ஏறுங்க. கதவு மூடி யாராவது பிரிஞ்சிட்டோம்னா பதறக் கூடாது. ஏறினவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, இறங்கின இடத்துலயே நிக்கணும். விட்டுப்போனவங்க அடுத்த வண்டியில வந்து சேந்துக்கணும்."

கடைசியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். டாக்டர் முதல் பெஞ்சுப் பையன் மாதிரி ஒப்பித்தார். சின்னவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். சொல்லிக்கொடுத்த திருப்தியில் அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. ஓடப் போகிறவளுக்கும் துரத்தப் போகிறவனுக்கும் ஒரே பாடத்தை நடத்திய வாத்தியார் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அடி விழுந்த மறுநாள் காலை, அவர் வர முடியாத ஒரே இடமான ஓட்டல் லேடீஸ் டாய்லெட்டில் சின்னவளைப் பிடித்தேன். உதடு வீங்கி, மேலே பவுடர் திட்டாக இருந்தது. அவள் போன் வழக்கம்போல அவர் பாக்கெட்டில்தான் இருந்தது.

"இன்னிக்கே போயிடு," என்றேன். "ஜங்ஷன்ல கூட்டம் நெரியும். நீ முன்னால ஏறிடு. அவரை நான் பாத்துக்கறேன்."

"உன்னைச் சும்மா விடுவாராக்கா?"

"என்னை என்ன பண்ணுவாரு? என்னையா கட்டிக்கிட்டாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதடு மறுபடி விரிந்து ரத்தம் கசிந்தது. அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

"நடுவுல எங்கயும் இறங்காதே. கடைசி ஸ்டேஷன். கேட்டுக்கு வெளிய அவ பஸ் யூனிபார்ம்லயே நிப்பா."

"நடுவுல இறங்கக் கூடாது," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

மாநாட்டுக்குப் போகிற வழியில், ஜங்ஷனில் எள் போட்டால் எள் விழாது. வண்டி வந்தது. சின்னவள் ஓரமாக நின்று, இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, மீன் மாதிரி உள்ளே நழுவினாள். அடுத்து டாக்டர். அவருக்கு முன்னால் நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்ய ஆரம்பித்தேன். மூடப்போகிற கதவு கூவத் தொடங்கியது.

"நகருங்கக்கா," என்றார். நான் நகரவில்லை. உள்ளே நின்றவளைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார், புரிந்துகொண்டார். முழங்காலால் என் விலாவில் இடித்துத் தள்ளிவிட்டு, மூடுகிற கதவுக்குள் கையை விட்டுச் சின்னவளின் பின்னலைப் பிடித்தார். கதவு அவர் மணிக்கட்டில் மோதியது. அவர் இழுத்த இழுப்பில் அவள் தலை கண்ணாடியில் இடித்தது. கதவு விலகி மறுபடி மூடியது, மறுபடி தலை இடித்தது. நான் எழுந்து அவர் கையைக் கடித்தேன். வாயில் சோப்பு ருசியும் அப்புறம் ரத்தமும் வரும்வரை விடவில்லை. பிடி தளர்ந்தது. கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் வாய் திறந்தபடி சின்னவளின் முகம் நகர்ந்து போனது.

டாக்டர் திரும்பி என் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். தரையில் விழுந்தேன். விழுந்தவள் வயிற்றில் உதைத்தார். கூட்டம் வட்டமாக விலகி இடம் கொடுத்தது, என்னமோ வித்தை காட்டுகிற மாதிரி. விசிலோடு ஒரு காவலாளி வந்தான்.

"குடும்ப விஷயம். இவங்களுக்கு அப்பப்ப இப்படி வரும்," என்று டாக்டர் கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைத் தூக்கிக் காட்டினார். காவலாளி 'டாக்டர்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மஞ்சக் கோட்டைத் தாண்டாம நில்லுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் குனிந்தார். எனக்குக் கை கொடுத்துத் தூக்குகிற பாவனையில் என் சுண்டுவிரலை மடக்கி முறுக்கினார். உள்ளே ஏதோ உடைந்தது. மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது.

"எதுக்கு அழறே? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிப்பா. நீதானே சொல்லிக் குடுத்தே."

அப்போதுதான் என் பாடம் எனக்கே உறைத்தது. என்னை அடித்தது வலிக்கவில்லை. சின்னவளை எனக்குத் தெரியும். பயந்துவிட்டால் யோசிக்க மாட்டாள். முதலில் எது மனப்பாடமோ அதைச் செய்வாள். காலையில் டாய்லெட்டில் நான் சொன்னதா, வாசலில் நிற்க வைத்து நான் ஒப்பிக்க விட்டதா, எது மேலே வரும்? அடுத்த வண்டி வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தது. அவரை இங்கே பிடித்து வைக்க என்னால் முடியாது. அவளை அங்கே தனியாக அவரிடம் விடவும் முடியாது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நானும் ஏறினேன்.

உள்ளே என்னைக் கதவு மூலையில் சாய்த்து, முழங்கையைத் தொண்டையில் அழுத்தினார். பார்க்கிறவர்களுக்கு நெரிசலில் ஒண்டி நிற்பதாகத்தான் தெரியும். காதருகே, ஊசி போடுகிற குரலில் பேசினார்.

"அங்க போய் அவளை என்ன பண்றேன்னு பாரு. இந்தத் தடவை பல்லோட நிக்காது. தாடையையே கழட்டிடறேன்."

மூச்சு முட்டியது. என் கால் தன்னையறியாமல் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தது. அங்கே பிரேக் இல்லை. பைக்குள் கையை விட்டதில் ஸ்கூல் கார் சாவி அகப்பட்டது. விரலிடுக்கில் செருகி அவர் தொடையில் இறக்கினேன். சாவி பாதிக்கு மேல் போனது. அவர் கத்தவில்லை. என் தலைமுடியைப் பற்றி நெற்றியைக் கம்பியில் மோதினார், இன்னொரு தடவை மோதினார். கண்ணில் ரத்தம் இறங்கியது.

"ஏங்க, பொம்பளையப் போய்..." என்று ஒருவர் ஆரம்பித்தார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். கேட்டவர் தன் போனைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். பையை முன்னால் போட்டுக்கொண்டு, கதவுக்கு நேராக இல்லாமல் பக்கத்தில், இறங்கின இடத்திலேயே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்ததில் ஒரு புள்ளி பிசகவில்லை. பாவி மகளே என்று கண்ணாடியைத் தட்டினேன்.

கதவு திறந்தது. டாக்டர் பாய்ந்தார். இறங்குகிற கூட்டம் அவரை நாலடி தள்ளிக்கொண்டு போனது. அந்த இடைவெளியில் நான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

"ஏன்டி இறங்கினே? படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"உன்னைக் கொன்னுடுவாருக்கா." என் நெற்றியைப் பார்த்து அவள் முகம் கோணியது. "உன்னை அவர்கிட்ட விட்டுட்டு எப்படிப் போவேன்?"

பாடத்தினால் அவள் இறங்கவில்லை. எனக்காக இறங்கியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் அழுவதற்குள் அவர் வந்துவிட்டார். பின்னலைப் பிடித்துத் திருப்பி, புறங்கையால் அறைந்தார். வீங்கிய உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தார். அவள் தடுக்கவில்லை, எப்போதும் தடுத்ததில்லை. நான் குறுக்கே விழுந்தேன். என்னை எட்டி உதைத்துத் தூணில் தள்ளினார்.

நான் தூணில் மோதியதை அவள் பார்த்தாள். பைக்குள் கையை விட்டாள். அவருக்காக அவள் தினமும் தூக்கித் திரிகிற எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தாள். அது நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி அவர் புருவத்தில் போட்டாள். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவள் பாட்டிலின் நசுங்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ செய்த காரியம் மாதிரி.

கதவு கூவியது. நான் அவளை இடுப்போடு வாரித் தூக்கி வண்டிக்குள் எறிந்தேன். எழுந்து என்னை நோக்கித்தான் மறுபடி வந்தாள், மடச்சி.

"வேண்டாம். இனிமே என் பக்கம் பிரேக் இல்லடி," என்றேன்.

அவள் நின்றாள். கதவு எங்கள் நடுவில் மூடியது. டெஸ்ட் அன்று அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது நிமிர்ந்ததா என்று பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது.

டாக்டர் எழுந்து வந்து என் வாயில் குத்தினார். முழு பலத்தையும் அதில் வைத்திருந்தார். வாயைப் பொத்தின கையில் ஒரு பல் வந்து விழுந்தது. அதை ஏன் இறுக்கி வைத்துக்கொண்டேனோ தெரியாது. என்னைக் கழுத்தோடு பிடித்து அடுத்து வந்த வண்டியில் ஏற்றினார்.

"அடுத்த ஸ்டேஷன். உன் ரூல்தானே," என்றார். அவர் புருவத்திலிருந்து ரத்தம் மாநாட்டு அட்டையில் சொட்டியது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் இடம் விட்டு நின்றார்கள். அந்தப் பயணத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. நின்றுவிடாதே, எனக்காக மறுபடி இறங்கித் தொலைக்காதே, என்னை மறந்துவிடு என்று உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வண்டி நின்றது. கதவு திறந்தது. ஒரு பெஞ்சு, ஒரு குப்பைத் தொட்டி, துடைப்பத்தோடு ஒரு துப்புரவுக்காரி. வேறு யாரும் இல்லை.

டாக்டர் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். நொண்டிக்கொண்டே போய் லேடீஸ் டாய்லெட் கதவைத் தட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். துப்புரவுக்காரி துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அவரை விரட்டினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க ரத்தம் தாடையில் வழிந்து சட்டையெல்லாம் ஆனது. என் தங்கை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாருக்காகவும் நிற்காமல் போய்விட்டாள் என்று துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். என் உள்ளங்கையில் இருந்த பல்லைப் பார்த்தார். உடனே குரல் மாறியது. கிளினிக் குரல், மரியாதையோடு.

"அக்கா, அதைக் கீழ போட்டுடாதீங்க. வேரைத் தொடாதீங்க. இப்ப வெச்சாக்கூட ஒட்டிக்கும். நானே வெச்சு விடறேன், ஒரு தழும்பு தெரியாது. அவ எங்க போறான்னு மட்டும் சொல்லுங்க."

கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கக்கூட இல்லை. கைராசிக்காரக் கை.

"பால் வேணுமே," என்றேன்.

"மேல கடையில வாங்கிக்கலாம்," என்றார், நிஜமாகவே.

எழுந்து போய்ப் பல்லைத் தண்டவாளத்தில் விட்டெறிந்தேன். அது கல்லில் பட்டு எங்கேயோ போய் விழுந்தது. அவர் பல்லைத்தான் எட்டிப் பார்த்தார், என்னை இல்லை.

அந்த மேடைக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். மறுபக்கம் வண்டி வந்துகொண்டிருந்தது, நாங்கள் வந்த வழியே திரும்பிப் போகிற வண்டி. ஒரே மாதிரித் தூண், ஒரே மாதிரி மஞ்சள் கோடு. டாக்டருக்கு எல்லா ஸ்டேஷனும் ஒன்றுதான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். பையை முன்னால் போட்டுக்கொண்டேன். முறிந்த விரலை மடக்கி, தலையை நிமிர்த்தி, போகிற இடம் தெரிந்தவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் நின்று, இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நொண்டிக் காலோடு ஓடி வந்து, கதவு மூடும் முன் அவரும் தொற்றிக்கொண்டார்.

"எங்க இருக்கா அவ?"

"வாங்க, காட்டறேன்," என்றேன்.

சின்னவள் போன திசைக்கு நேர் எதிராக வண்டி கிளம்பியது. மறுகோடி வரைக்கும் ஏகப்பட்ட ஸ்டேஷன்கள் இருந்தன.